குதிரையேறி வந்த சிரிப்பு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் ஆண்டுகளின் வரிசையும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பே. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அவ்வாறு நினைக்கும்படி மாணவர்களைப் பழக்கிய குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதற்கு ஒரு சிறு கழுவாயாக, இன்று ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அதுவும் குடும்பத்தோடு சென்று கண்டு சிரித்த ஒரு கௌபாய்ப் படம். சிரிப்புக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்து சிரிப்பது வேறு, அறியாமல் சிரிப்பது வேறு. இதனை எனக்குக் கற்பித்தது அந்தப் படம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் படத்தின் நடுவில் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி.

2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' என்னும் தமிழ்ப் படம் வெளிவந்தது. அதனை இயக்கியவர் சிம்புதேவன். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைந்து பழகியவர். 2006-இல் 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' என்ற படத்தின் வாயிலாக நம் சரித்திரப் படங்களின் ஆடம்பரத்தை நகையாடியவர். பின்னர் அவர் கௌபாய்ப் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். ராகவா லாரன்ஸ் கதாநாயகராகவும் நாசர் கொடியவனாகவும் நடித்தனர்.

அப்பொழுது கோடை விடுமுறை. மந்தைவெளியில் இருந்த எங்கள் வீட்டுக்கு என் தங்கை தன் மகனோடு வந்திருந்தாள். பையனுக்கு எட்டு வயது. என் தந்தையாருக்கு எண்பது. எனக்கோ ஐம்பது. வீட்டில் எல்லோருமாகப் புறப்பட்டு அந்தப் படத்துக்குப் போனோம். தந்தையார் திரையரங்கினுள் காலெடுத்து வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. குளிர் தாங்காது என்று ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்.

கதை எளியது. தூக்குமேடையில் உயிர் பிழைக்கும் ஓர் அப்பாவி, காணாமற்போன ஒரு வீரனைப் போலவே தோற்றமுடையவன். கொடுங்கோலனுக்கு அஞ்சி வாழும் ஓர் ஊரார், அவனை அவ்வீரனாகவே நடிக்கும்படி அழைத்துவருகிறார்கள். கோழையாக வந்தவன் இறுதியில் மெய்யாகவே வீரனாகிறான். ஆள்மாறாட்டக் கதை நமக்குப் புதிதன்று. ஆயினும் இங்கே வேட்டிக்குப் பதில் தோலாடை. மாட்டுவண்டிக்குப் பதில் குதிரை. அரிவாளுக்குப் பதில் துப்பாக்கி. பேச்சு மட்டும் நம் தெருவில் கேட்கும் தமிழ்ப் பேச்சு.

ஒரே வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் மூவரின் சிரிப்பும் ஒரே இடத்தில் எழவில்லை. இது என் கவனத்தைக் கவர்ந்தது. குதிரையிலிருந்து ஒருவன் விழுந்தால் பையன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. அந்த ஊரின் பெயர் 'ஜெய்சங்கர்புரம்' என்று தெரிந்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பையன் என்னை வியப்போடு பார்த்தான். கொடியவனின் பெயர் 'கிழக்குக் கட்டை' என்றபோதும் அப்படியே. ஆங்கிலப் படங்களில் சுருட்டைக் கடித்துக்கொண்டு குதிரையேறி வந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் என்ற நடிகரின் பெயரில் பாதியை அப்படியே தமிழாக்கியிருந்தார்கள். கிழக்கு ஒரு சொல், கட்டை ஒரு சொல். தந்தையாரோ இவற்றுக்கெல்லாம் அசையாமல் இருந்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவும் எடுக்காமல் பேசிக்கொண்டே இருந்த காட்சியில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கோப்புகளோடு காலங்கழித்தவர் அவர்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைக்கிறது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். பிறரை எள்ளுவதாலும், இளமையாலும், பேதைமையாலும், மடமையாலும் நகை பிறக்கும் என்று அது நால்வகையாகப் பகுக்கிறது. விழுபவனைக் கண்டு பையன் சிரித்தது பேதைமை பற்றிய நகை. பெயர்களைக் கேட்டு நான் சிரித்தது எள்ளல் பற்றிய நகை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? முன்னதற்கு முன்னறிவு வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். பின்னதற்கு ஒரு பழைய நினைவு வேண்டும். ஜெய்சங்கரை அறியாதவனுக்கு ஜெய்சங்கர்புரம் வெறும் ஊர்ப்பெயர்தான். ஒன்றை எள்ளி நகையாடும் படம், அந்த ஒன்றைப் பார்ப்பவர் முன்பே நேசித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

படம் பாதியைக் கடந்த பின்னர், தலையில் இறகு சூடி, முகத்தில் வண்ணம் பூசிய பழங்குடியினர் சிலர் திரையில் தோன்றினர். அவர்களும் வேடிக்கைப் பாத்திரங்களே. அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். பையன் மட்டும் என் கையை இழுத்து, "இவங்க யாரு மாமா?" என்று கேட்டான்.

"சும்மா, சிரிப்புக்காக வர்றவங்கடா" என்றேன்.

அவன் அமைதியாகிவிட்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தைக் காட்டி, இவர்கள் யார் என்று ஒரு குழந்தை கேட்கிறது. வரலாற்று ஆசிரியன் ஒருவன், சிரிப்புக்காக வருகிறவர்கள் என்று விடையளிக்கிறான். என் மாணவன் எவனேனும் தேர்வுத்தாளில் அவ்வாறு எழுதியிருந்தால் நான் எத்தனை மதிப்பெண் வழங்கியிருப்பேன்? அந்தச் சிறுவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இப்பொழுது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கௌபாய் என்ற சொல்லுக்கு மாடு மேய்ப்பவன் என்பதே பொருள். நம் ஊரில், படிக்காத பையனைப் பார்த்து, நீ மாடு மேய்க்கத்தான் தகுதி என்று ஆசிரியர் வைவார். அமெரிக்காவிலோ அதே தொழில் வீரத்தின் பட்டமாயிற்று. அந்நாட்டு உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதன் பின்னர், டெக்சாஸ் மாநிலத்தில் பெருகிக் கிடந்த மாடுகளைப் பல நூறு கல் தொலைவு ஓட்டிச்சென்று, கான்சாஸ் மாநிலத்து இருப்புப்பாதை நிலையங்களில் விற்றனர். அவ்வாறு ஓட்டிச்சென்ற கூலியாட்களே கௌபாய்கள். வெயிலிலும் புழுதியிலும் உழைத்துக் குறைந்த கூலி பெற்றவர்கள். அவர்களுள் கறுப்பின மக்களும் மெக்சிகோ நாட்டவரும் கணிசமாக இருந்தனர். திரைப்படங்கள் நெடுங்காலம் அவர்களை மறந்தே போயின. இருப்புப்பாதை எங்கும் பரவி, மேய்ச்சல் நிலங்கள் முள்வேலிக்குள் அடங்கியதும், ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள் அந்தத் தொழிலின் பெருங்காலம் முடிந்துவிட்டது.

ஆனால் அந்த மேய்ச்சல் நிலம் ஆளில்லாத நிலம் அன்று. அது பழங்குடி மக்களின் நிலம். 1830-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றி, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பழங்குடியினரை மேற்கே அனுப்ப வழி வகுத்தது. 1838, 1839 ஆகிய ஆண்டுகளில் செரோக்கி மக்கள் படைவீரர்களின் காவலில் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர் வரையில் பசியாலும் நோயாலும் குளிராலும் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்கள் சென்ற வழியை இன்றும் கண்ணீர்ப் பாதை என்று குறிப்பிடுகிறார்கள். மேற்கே போனவர்களுக்கு அங்கும் நிலைபேறு இல்லை. 1862-இல் வந்த மற்றொரு சட்டம், குடியேறி உழுபவர்க்குத் தலைக்கு 160 ஏக்கர் நிலம் என்று வழங்கியது. 1869-இல் இருப்புப்பாதை கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்தது. 1890 டிசம்பர் 29 அன்று, ஊண்டட் நீ என்ற ஓடைக் கரையில் லக்கோட்டா இனத்தவர் நூற்றைம்பதின்மருக்கு மேல் படையினரால் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர்.

இனி வியப்பான செய்தி ஒன்று. இந்த வரலாறு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே அது வேடிக்கைக் காட்சியாகவும் ஆகிவிட்டது. 'பஃபலோ பில்' என்ற பெயரில் புகழ்பெற்ற ஒருவர், 1883-இல் குதிரைகளையும் துப்பாக்கிக்காரர்களையும் பழங்குடியினரையும் திரட்டி, ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தத் தொடங்கினார். லக்கோட்டா மக்களின் பெருந்தலைவரான சிட்டிங் புல், 1885-இல் சில மாதங்கள் அக்காட்சியில் தோன்றினார். சீட்டு வாங்கிய கூட்டத்தின் முன் குதிரையில் வலம்வந்தார். அதே தலைவர் 1890 டிசம்பரில், அவரைச் சிறைப்பிடிக்க வந்த காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். மேடையில் கண்ட மனிதருக்கு மண்ணில் இடமில்லாமற் போயிற்று.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1903-இல், எட்வின் போர்ட்டர் என்பவர் ரயில் கொள்ளை ஒன்றைப் பற்றிய சிறு படத்தை எடுத்தார். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஓடுவது. கொள்ளைக்காரன் ஒருவன் பார்வையாளர்களை நேர்நோக்கித் துப்பாக்கியால் சுடும் காட்சி அதில் உண்டு. திரை உலகின் கௌபாய்க் கதை அந்த வெடிச்சத்தத்தோடு பிறந்தது எனலாம். ஆனால் அது ஊமைப்படம், வெடிச்சத்தம் பார்த்தவர்களின் மனத்தில் மட்டுமே கேட்டது.

அந்தக் குதிரை நம் சென்னைக்கு எப்படி வந்தது என்பதை இனிப் பார்ப்போம். அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் ஒரு பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. அதுவே எலெக்டிரிக் தியேட்டர். சென்னையின் முதல் திரையரங்குகளுள் ஒன்று. 1914-இல் ரகுபதி வெங்கையா என்பவர் அதே சாலைப் பக்கம் கெயிட்டி அரங்கைக் கட்டினார். அந்த ஊமைப்படக் காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த சாகசத் தொடர்ப்படங்களுக்குத் தென்னாட்டில் பெருங்கூட்டம் கூடியது. எடி போலோ என்ற நடிகரின் பெயர் அக்காலத்து இளைஞர்களுக்கு மிக நெருக்கமானது. திரையருகே ஒருவர் நின்று, கதையைத் தமிழில் உரக்க விளக்கிக்கொண்டிருப்பார். ஆகவே கௌபாய் வீரன் சென்னைக்கு வந்த நாள் முதலே, ஒரு தமிழ்க் குரலின் துணையோடுதான் வந்தான் என்று சொல்லலாம்.

பின்னர்ப் பேசும்படம் வந்தது. அண்ணா சாலையைச் சுற்றி ஆங்கிலப் படங்களுக்கென்றே அரங்குகள் பெருகின. 1964-இல் சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று திரைகளைக் கொண்ட வளாகம் எழுந்தது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் இருந்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அவை சற்றுத் தொலைவு, சற்று விலை. எங்கள் வட்டாரத்துக்கு உரியவை வேறு. மயிலையில் கபாலி, காமதேனு, தியாகராய நகரில் ராஜகுமாரி, பின்னர் நாகேஷ், அடையாற்றில் ஈராஸ். இவை ஒன்றேனும் இன்று திரையரங்காக இல்லை. அந்நாளில் வீட்டோடு நடந்துபோய், இடைவேளையில் முறுக்குத் தின்று, நடந்தே திரும்புவோம்.

இதற்கிடையில் கௌபாய்க் கதை உலகைச் சுற்றிவந்துகொண்டிருந்தது. ஜப்பான் நாட்டின் அகிரா குரோசாவா, அமெரிக்கக் கௌபாய்ப் படங்களை இயக்கிய ஜான் ஃபோர்டின் பேரில் பெருமதிப்புக் கொண்டவர். அவர் 1961-இல் வாள்வீரன் ஒருவனின் கதையைப் படமாக்கினார். அந்தக் கதையைத் தழுவி இத்தாலியரான செர்ஜியோ லியோனே 1964-இல் ஒரு கௌபாய்ப் படம் எடுத்தார். அதில்தான் கிளின்ட் ஈஸ்ட்வுட் உலகப் புகழ் பெற்றார். அமெரிக்கப் பாலைவனம் என்று காட்டப்பட்ட இடங்கள் பல, உண்மையில் ஸ்பெயின் நாட்டு நிலங்கள். 1971-இல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளக்கு மோசகாடு' வெளிவந்து, ராஜஸ்தானத்து மணலைக் கௌபாய் நாடாக்கியது. மறு ஆண்டு தமிழின் முறை.

'கற்பகம்' முதலான குடும்பப் படங்களின் ஒளிப்பதிவாளராக விளங்கிய கர்ணன், இயக்குநராகி, 1972-இல் ஜெய்சங்கரைக் கொண்டு 'கங்கா'வையும், அதே ஆண்டில் 'ஜக்கம்மா'வையும் எடுத்தார். 1975-இல் 'எங்க பாட்டன் சொத்து' வந்தது. தமிழ்க் கௌபாய்ப் படம் என்றாலே கர்ணனும் ஜெய்சங்கரும் நினைவுக்கு வருவது இதனால்தான். தமிழ்ப் பார்வையாளருக்குக் குதிரைவீரன் புதியவன் அல்லன். 1950-இல் 'மந்திரிகுமாரி', 1951-இல் 'மர்மயோகி' என்று எம்.ஜி.ஆர். வாளேந்திக் குதிரையேறி வந்த காலம் அதற்கு முந்தியது. கர்ணனின் படங்களில் வாள் இருந்த கைக்குத் துப்பாக்கி வந்தது. தலைப்பாகை இருந்த தலைக்கு அகன்ற தொப்பி வந்தது. தந்தையைக் கொன்றவனைத் தேடிப் பழிவாங்கும் மகனும், கண்ணீர் விடும் தாயும், ஓர் ஆறுதல் பாட்டும் மாறாமல் இருந்தனர்.

அப்பொழுது எனக்கு வயது பன்னிரண்டு. என் தந்தையார், துப்பாக்கிப் படம் பார்ப்பவனுக்குப் படிப்பு ஏறாது என்ற உறுதியான கொள்கையுடையவர். நூலகத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நண்பன் ஒருவனோடு 'கங்கா' பார்த்துவிட்டேன். சட்டைப் பையில் இருந்த கிழிந்த சீட்டு, துணி துவைக்கும்போது அம்மாவின் கைக்கும், அங்கிருந்து அப்பாவின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அடி விழும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "நூலகத்தில் என்ன படித்தாய்? முழுக்கச் சொல்" என்றார். வேறு வழியின்றிப் படத்தின் கதையைத் தொடக்கம் முதல் சொன்னேன். சொல்லச் சொல்ல அச்சம் போய்விட்டது. குதிரை ஓடும் ஓசையை வாயாலேயே எழுப்பினேன். அடுக்களைப் பக்கம் அம்மா சிரிக்கும் ஒலி கேட்டது. எல்லாம் முடிந்த பின்னர் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத்தனை குதிரையை எங்கேயிருந்து பிடித்தார்கள்?" பிறகு ஒரு மாதம் மாலையில் விளையாடப் போகக்கூடாது என்று தண்டனை விதித்தார்.

அதே 1972-இல்தான் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியது. பின்னர் 1980-களில் 'லயன் காமிக்ஸ்' வந்தது. பெல்ஜியம் நாட்டு ஓவியர் மோரிஸ் 1946-இல் படைத்த லக்கி லூக் என்ற வேடிக்கைக் கௌபாய், அவ்விதழ்களின் வழியே தமிழ் பேசத் தொடங்கினான். பாடநூலுக்குள் வைத்துப் படிக்கப்பட்ட அந்தச் சித்திரக் கதைகளைப் பறிமுதல் செய்வது, ஆசிரியனான பின்னர் என் கடமைகளுள் ஒன்றாயிற்று. பறித்தவற்றை ஆசிரியர் அறையில் நானே முதலில் படித்து முடித்தேன் என்பதை, ஓய்வுபெற்றுவிட்ட துணிவில் இன்று ஒப்புக்கொள்கிறேன்.

இனி இந்த வரலாற்றின் கருத்தைச் சற்று ஆராய்வோம். அமெரிக்கர்களுக்குக் கௌபாய்ப் படம் ஒரு நாட்டு நினைவு. அவர்களுடைய பாட்டன் ஓட்டிய மாடு, அவர்களுடைய பாட்டன் பறித்த நிலம். அந்த நினைவு மெய்யோ பொய்யோ, அதற்கு அடியில் ஒரு மண் இருக்கிறது. தமிழருக்கு அந்த மண் இல்லை. கொங்கு நாட்டிலும் பாண்டி நாட்டிலும் மாடு உண்டு. இடையில் துப்பாக்கி செருகிய மாட்டுக்காரன் இல்லை. 1878-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த படைக்கலச் சட்டம், உரிமமின்றி இந்தியர் பெரும்பாலோர் துப்பாக்கி வைத்திருக்க இயலாதபடி செய்துவிட்டது. ஆகவே தெருவுக்குத் தெரு துப்பாக்கி வெடிக்கும் ஊர் நமக்கு முழுக் கற்பனை. அமெரிக்கருக்கு அது வரலாற்றின் நினைவு. நமக்கு அது திரைப்படத்தின் நினைவு. 'இரும்புக்கோட்டை'யைப் பார்த்தபோது நான் கண்டு சிரித்தது டெக்சாஸ் மாநிலத்தையன்று. 1972-இல் சட்டைப் பையில் இருந்த அந்தக் கிழிந்த சீட்டையே. கௌபாய்ப் படம் தமிழில் இறுதியாக நகைச்சுவைப் படமாக முடிந்ததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். வேரில்லாத மரத்தை எளிதில் தூக்கிப் பொம்மையாக வைத்து விளையாடலாம்.

இதனால் ஒரு நன்மை விளைந்தது. ஒரு தீமையும் விளைந்தது. முதலில் நன்மையைச் சொல்கிறேன். அமெரிக்கப் படத்தில் நிலத்தைப் பிடித்தவன் வீரன். தமிழ்ப் படத்தில் பிடிபட்ட ஊர்க்காரனே வீரன். ஜெய்சங்கர்புரத்து மக்களை அடக்கியாளும் கொடியவனின் ஊருக்கு 'உசாபுரம்' என்று பெயர். அந்தப் பெயரின் முற்பகுதியை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்துப் பார்த்தால், எந்த வல்லரசு குறிக்கப்படுகிறது என்பது விளங்கும். தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாகப் பழித்தல் ஒன்று, பழியை மறைத்துச் சொல்லுதல் மற்றொன்று. உசாபுரம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. யாருடைய கலையைக் கடன் வாங்கினோமோ அவர்களையே அக்கலையால் எள்ளுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அது இந்தப் படத்தில் இருக்கிறது. அதனை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

தீமை யாதெனில், வேரை விட்டுவிட்டு மரத்தை எடுத்தவர்கள், அதில் ஒட்டியிருந்த பழைய நஞ்சையும் அறியாமல் சேர்த்தே எடுத்துவந்தார்கள். இறகு சூடிய பழங்குடியினன் அமெரிக்கப் படத்தில் கொடியவனாகவோ கோமாளியாகவோ வந்தான். தமிழுக்கு வந்தபோது கொடுமை போய்க் கோமாளித்தனம் தங்கிவிட்டது. 1885-இல் சிட்டிங் புல்லைப் பார்க்கச் சீட்டு வாங்கிய கூட்டத்தின் சிரிப்பு, மூன்று கடல் கடந்து, நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, என் வாயிலிருந்தும் வந்தது. எவரையும் புண்படுத்தும் எண்ணம் படம் எடுத்தவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எண்ணமில்லாமலே பரவுவதுதான் இத்தகைய சிரிப்பின் இயல்பு.

அது எங்கோ தொலைநாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பின்னர் 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குலத்தில் பிறந்தவர் என்பதற்காகவே ஆயிரக்கணக்கான மக்கள் காவல் நிலையத்தில் கைரேகை பதிக்கவும், இரவில் வீட்டை விட்டு வெளியேறாதிருக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதனை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரலில், மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். நாடு விடுதலை பெற்ற காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. ஒரு கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே திருடர் என்று எழுதிவைத்த ஏட்டுக்கும், ஒரு கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே வேடிக்கை மனிதர் என்று காட்டும் திரைக்கும் நெடுந்தொலைவு இல்லை. முன்னதில் சட்டம் தண்டித்தது. பின்னதில் சிரிப்பு மறக்கச் செய்கிறது.

அப்படியானால் இத்தகைய படங்களைப் பார்க்கலாகாதா? பார்க்கலாம், தாராளமாகப் பார்க்கலாம். என் தந்தையார் 1972-இல் விதித்த தடையை நான் உங்களுக்கு விதிக்கப்போவதில்லை. தடையினால் எந்தப் பிள்ளையும் படம் பார்க்காமல் இருந்ததில்லை. பொய் சொல்லக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து சிரிப்பது சிறு பேறு அன்று. பாட்டனும் பேரனும் அருகருகே அமர்ந்து, வெவ்வேறு இடங்களில் சிரித்து, நீ ஏன் சிரித்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைப் போன்ற நல்ல வரலாற்றுப் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. ஆகவே, அடுத்த முறை வீட்டாரோடு ஒரு நகைச்சுவைப் படத்துக்குப் போகும்போது, மூத்தவர் ஒருவர் சிரிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் காரணம் கேளுங்கள். பாடநூலில் இல்லாத ஒரு காலம் உங்களுக்குத் திறக்கும். திரையில் யாரைக் கண்டு நீங்கள் சிரித்தீர்களோ அவர் யார் என்பதையும் ஒருமுறை விசாரியுங்கள். விசாரித்த பின்னும் சிரிப்பு வந்தால், அது நல்ல சிரிப்பு.

அன்றைய நாளின் எச்சத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். இடைவேளையின்போதே, 'கங்கா' பார்த்து அகப்பட்ட கதையைப் பையனுக்குச் சொல்லியிருந்தேன். படம் முடிந்து வெளியே வந்ததும் அவன் தாத்தாவிடம் நேரே கேட்டான்: "ஏன் தாத்தா, அப்போ மாமாவைப் பார்க்க விடலை?" தந்தையார் துண்டைச் சரிசெய்துகொண்டு சற்று நேரம் எண்ணினார். பிறகு, "இவன் கதை சொன்ன மாதிரி படம் இருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

மறுநாள் காலை உலகப் படத்தை விரித்துவைத்துப் பையனை அழைத்தேன். முந்தைய நாள் நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் தவறான விடை சொன்னேன் என்று தொடங்கினேன். பெரியவர்கள் தவறென்று ஒப்புக்கொள்வதை அவன் அதிகம் பார்த்ததில்லை போலும். அருகில் வந்து அமர்ந்தான். செரோக்கி மக்கள் புறப்பட்ட இடத்தில் அவன் விரலை வைத்தேன். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் வரையில் விரலை மெல்ல நகர்த்தினேன். படத்தில் அது அரைச் சாண் தொலைவுகூட இல்லை.

"நடந்தேவா போனாங்க?" என்று கேட்டான்.

"பெரும்பாலும் நடந்தேதான்" என்றேன்.